சன்னத் துளையும் சுண்ணாம்பும்

யுத்தத்தில் சிதைந்த கட்டிடத்தைத் திருத்தும்போது காயத்தை மூடுவதா, காட்டுவதா? பெர்லினின் நொயெஸ் நூதனசாலை இதற்குத் தந்த விடை கவனத்துக்குரியது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் சிதைந்து, பல தசாப்தங்கள் இடிபாடாகக் கிடந்த அக்கட்டிடம் 2009இல் மீளத் திறக்கப்பட்டது. கட்டிடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்ட் போரின் தழும்புகளை மறைக்கவில்லை. அழிந்துபோன பகுதிகளில் கட்டியதைப் புதியது என்றே தெரியவைத்தார்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நேர்ந்தது வேறு. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட அக்கட்டிடத்தை நினைவுச்சின்னமாக விட்டுவிட வேண்டும் என்ற குரலும் எழுந்தது. ஆயினும் அது பழைய வெண்ணிற வடிவிலேயே மீண்டது. வாசகனுக்கு நூலகம் திரும்பக் கிடைத்தது. தீயின் சாட்சியம் சுவரை விட்டுப் போயிற்று.

இவ்விரண்டுக்கும் பக்கத்தில் காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாயலை வைத்துப் பார்க்கிறேன். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையின்போது இங்கும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாயலிலும் நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சன்னத் துளைகள் சுவரில் பேணப்பட்டன. ஐவேளைத் தொழுகையும் தொடர்கிறது. தொழுமிடத்தை நூதனசாலையாக்காமலே சாட்சியத்தைக் காத்தது நமது ஊரின் பெருமை.

எனது குறை சுவரின் மீதல்ல. அதை நாம் வாசிக்கும் விதத்தின் மீது. இப்படுகொலை பற்றிய நமது கவிதைகள் பலவும் துளையைக் கண்டு கண்ணீர் வடிப்பதோடு நின்றுவிடுகின்றன. ஸுஜூதில் விழுந்தவர் யார், அவர் என்ன தொழில் செய்தார், மறுநாள் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பவை எழுதப்படவில்லை. அதே ஆண்டு செப்டெம்பர் 9இல், இதே மட்டக்களப்பில், சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இருந்து இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட 184 தமிழர்களின் கதையும் என் வாசிப்பில் நமது எழுத்தில் அரிதாகவே வருகிறது. நமது துளையை மட்டும் எண்ணுபவன் சாட்சியாக மாட்டான், வழக்காளியாகவே நிற்பான்.

அன்று தப்பியவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்களது வாய்மொழியைப் பதிவு செய்து தமிழிலும் சிங்களத்திலும் அச்சுவரின் அருகே வைக்க வேண்டும். சத்துருக்கொண்டானில் இருந்து ஒருவர் வந்து நின்றாலும் வாசிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். அதை எழுதும் பொறுப்பு பள்ளிவாயல் நிருவாகத்துடையதல்ல, எழுதுகிற நம்முடையது.