கூட்டக் கூடாத எண்கள்

பாட்காஸ்ட் நடத்துவோரிடையே மாத முடிவில் ஒரு கணக்கு எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒலிக்கோப்பை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் தரும் டவுன்லோடு எண், ஆப்பிள் தரும் எண், ஸ்பாட்டிஃபை தரும் எண், யூடியூப் தரும் எண் ஆகிய நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் கோடிட்டுக் கூட்டி, வந்த தொகையை நேயர்களின் எண்ணிக்கை என்று விளம்பரதாரரிடம் சமர்ப்பிக்கிறார்கள். பல திசைகளில் சிதறிக் கிடக்கும் செவிகளை ஒருங்கே அறிய வேண்டுமென்ற ஆவல் பேசுகிறவருக்கு இயல்பானதே. அத்தொழிலை நம்பி ஜீவிக்கிறவருக்கு அது அவசியமும் ஆகும். ஆயினும் அந்தத் தொகை, மரக்காலில் அளந்த நெல்லையும் வீசையில் நிறுத்த வெல்லத்தையும் சேர்த்துச் சொல்லும் தொகையைப் போன்றது என்பதே என் அபிப்பிராயம்.

டவுன்லோடு எண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். 2005 ஜூன் மாதத்தில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டுக்கு இடம் தந்த நாள்தொட்டு, ஆர்எஸ்எஸ் என்னும் திறந்த ஓடையின் வழியாக எந்தச் செயலியும் கோப்பைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடே இக்கலையின் அஸ்திவாரமாக இருந்து வந்திருக்கிறது. அவ்வேற்பாட்டில் கோப்பை அனுப்புகிறவருக்குத் தெரிவது, எந்த ஐபி முகவரி கேட்டது, எந்தச் செயலி கேட்டது, எத்தனை பைட்டுகள் போயின என்ற அளவே. ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதைத் தத்தம் மனம்போல் எண்ணிக்கொண்டிருந்த குழப்பத்தைத் தீர்க்க, ஐஏபி டெக் லேப் என்ற விளம்பரத் துறைச் சபை 2016-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, 2017 டிசம்பரில் அதைத் திருத்தியும் தந்தது. ஒரு நிமிட ஒலிக்கேனும் உரிய பைட்டுகள் போயிருக்க வேண்டும், ஒரே முகவரியும் ஒரே செயலியும் 24 மணி நேரத்துக்குள் மீண்டும் கேட்டால் அது ஒன்றாகவே கொள்ளப்படும், இயந்திரங்களின் வேண்டுதல்கள் விலக்கப்படும் என்பன அதன் பிரதான விதிகள். எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான விதியாகவும், வெளியார் தணிக்கைக்கு உட்படக்கூடியதாகவும் உள்ள பிரமாணம் இஃதொன்றே என்பதை அதன் குறைகளைப் பேசுகிறவர்கள் மறந்துவிடலாகாது.

குறைகள் சிறியனவும் அல்ல. மொபைல் வலையமைப்பில் ஒரே முகவரியின் பின்னே ஏராளமானோர் நிற்கக்கூடுமாதலால் பலர் ஒருவராகக் குறைந்துபோவதும், வீட்டு வைஃபையிலிருந்து வெளியேறி மொபைல் இணைப்புக்கு மாறிய ஒருவர் இருவராகப் பெருகுவதும் உண்டு. அதனினும் பெரிய குறை, கோப்பு போய்ச் சேர்ந்தது என்பதைத் தவிர, கேட்கப்பட்டதா என்பதைப் பற்றி அவ்வெண் யாதும் சொல்லாமை. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17 இதனை யாவரும் அறியச் செய்தது. நெடுநாள் கேளாதிருந்தவர் ஒரு நிகழ்ச்சிக்குத் திரும்பும்போது விடுபட்ட பகுதிகளையெல்லாம் தானாகவே இறக்கிக்கொள்ளும் வழக்கத்தை ஆப்பிள் கைவிடவே, அடிக்கடி வெளிவருவனவும் பழம்பகுதிகள் மிகுந்தனவுமான நிகழ்ச்சிகளின் எண்கள் சரிந்தன. அந்நிகழ்ச்சிகளை உண்மையாகவே கேட்டு வந்தவர்கள் அகன்றுவிடவில்லை. எவரும் கேளாமலே சேமிப்பில் கிடந்த கோப்புகளே கணக்கிலிருந்து நீங்கின.

ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, யூடியூப் ஆகிய மேடைகள் தரும் எண்களோ கேட்டலுக்கு இன்னும் நெருங்கியவை. செயலி தம் கையிலேயே இருப்பதால், எந்த நிமிடத்தில் நேயர் விலகினார் என்பதுவரை அவை அறியும். ஆனால், எதனைக் கேட்டல் என்று கொள்வது என்பதில் அவற்றுக்குள் ஒற்றுமை இல்லை. ஸ்பாட்டிஃபை 60 வினாடி கேட்டதை ஒரு ஸ்ட்ரீம் என்கிறது; ஆப்பிளோ 20 நிமிடமோ பகுதியின் 40 விழுக்காடோ கேட்டவரை ஈடுபாடுள்ள நேயர் என்கிறது. இவ்விதியின்படி, பத்து நிமிடப் பகுதியில் நான்கு நிமிடம் கேட்டவரும், இரண்டு மணி நேர உரையாடலில் ஆறில் ஒரு பங்கு மட்டும் கேட்டவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யூடியூப் தருவதோ பார்வைக் கணக்கு. மேலும், ஆப்பிள் செயலி கோப்பை ஹோஸ்டிங் சர்வரிலிருந்தே பெறுவதால், அதன் நேயர்கள் டவுன்லோடு கணக்கில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறார்கள். யூடியூபோ ஆர்எஸ்எஸ் வழியாக வாங்கிய ஒலியைத் தன் சர்வரில் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு வழங்குவதால், அங்கே கேட்பவர் அக்கணக்கில் சிறிதும் அடங்கமாட்டார். ஆகவே, முன்சொன்ன கூட்டலில் ஒரு சாரார் இருமுறை எண்ணப்படுகிறார்கள்; மற்றொரு சாரார் வேறு அளவையால் அளக்கப்பட்டு அவர்களோடு கலக்கப்படுகிறார்கள்.

டவுன்லோடு எண், கேட்டல் எண் என்னும் இவ்விரு வகைக்கும் பாலம் அமைக்க ஒரு முயற்சி நடந்ததுண்டு. அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் 2018-இல் ராட் என்ற முறையை வெளியிட்டது. ஒலிக்கோப்பினுள்ளேயே குறிகளைப் பொதிந்துவைத்து, நேயர் அவ்விடத்தைக் கடக்கும்போது செயலி அச்செய்தியைத் திருப்பி அனுப்புமாறு வகுக்கப்பட்ட அம்முறை, பெரிய செயலிகளின் ஒத்துழைப்பைப் பெறாமல் தளர்ந்தது. அளவைத் துறையின் கண்ணால் பார்க்கின் இது நஷ்டமே. எனினும், கேட்பவர் எந்த வாக்கியத்தில் நிறுத்தினார் என்பதைப் பேசுகிறவர் அறியாதிருக்கும் சுதந்திரத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. ஒருவர் தம் நோயைப் பற்றியோ, சமய சந்தேகத்தைப் பற்றியோ தனிமையில் ஒரு நிகழ்ச்சியைக் கேட்கும்போது, அவரைப் பின்தொடராத ஓர் ஊடகம் இருப்பது பெரும் பேறு. டவுன்லோடு எண்ணின் அறியாமையில் ஒரு பகுதி அந்தப் பேற்றுக்கு நாம் கொடுக்கும் விலை.

அப்படியாயின் ஒப்பீடே ஆகாதோ என்றால், ஆகும். ஒரே மேடையில் ஒரே நிகழ்ச்சியின் இவ்வாண்டு எண்ணைச் சென்ற ஆண்டு எண்ணோடு ஒப்பிடலாம், இடையில் விதி மாறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின். மேடைகளுக்கிடையே வடிவத்தை ஒப்பிடலாம். அதாவது, தொடங்கியவர்களில் எத்தனை பங்கினர் பத்தாவது நிமிடத்திலும் இருந்தார்கள் என்பதை. அங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். யூடியூபின் பரிந்துரையால் தற்செயலாக வந்தவர் முதல் நிமிடத்திலேயே விலகுவதும், பெயரறிந்து தேடி வந்தவர் இறுதிவரை இருப்பதும், நிகழ்ச்சியின் தரத்தைவிட அவர்கள் வந்த வழியையே அதிகம் காட்டும்.

கூட்டியே தீரவேண்டுமென்பார்க்கு, நியாயமாகக் கூட்டக்கூடியது கேட்ட நேரம் ஒன்றுதான். ஏனெனில் ஒரு மணி நேரம் எம்மேடையிலும் ஒரு மணி நேரமே. அத்தொகையிலும், எதையும் திருப்பிச் சொல்லாத சிறு செயலிகளில் கேட்பவர்கள் விடுபட்டுப் போவார்கள். அவர்களுக்குரிய டவுன்லோடு எண்ணை எதனோடும் சேர்க்காமல், அதன் விதியையும் தேதியையும் குறித்து, அறிக்கையில் தனி வரியாக எழுதுவதே முறை.