தட்டில் ஒரு பேனா

திருகோணமலையில் பரீட்சைக் காலம் வந்துவிட்டதை அர்ச்சனைத் தட்டுகளே சொல்லிவிடும். தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம். அவற்றுக்கு நடுவே நீல மைப் பேனா இரண்டு, மடித்துவைத்த பரீட்சை அனுமதி அட்டை. புலமைப்பரிசில் எழுதும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையிலிருந்து உயர்தரம் எழுதும் பிள்ளைவரை, ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டுச் சங்கல்பம் சொல்லுகிறார். திரும்பி வரும் பேனாவில் திருநீற்றின் வெண்மை ஒட்டியிருக்கும். அதைத் துடைக்க எந்த அம்மாவும் விடமாட்டா.

பத்திரகாளி அம்மன் கோயிலில் அர்ச்சனையை முடித்துவிட்டு, பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைக் கடந்து கோணேசர் மலைக்கு ஏறுவோரும் உண்டு. அங்கே துணை, ஏழாம் நூற்றாண்டில் இத்தலத்தைப் பாடிய சம்பந்தர். பால் மணம் மாறாத வயதில் பாடத் தொடங்கியவர். பிள்ளைகளுக்கு இவரைவிடப் பொருத்தமான சிபாரிசு ஏது?

எனக்குப் பிடித்தது அம்மம்மாமாரின் அர்ச்சனை. சொந்தப் பேரனின் பெயரைச் சொல்லிவிட்டு, “எங்கட ஒழுங்கைப் பிள்ளையளுக்கும் சேர்த்து, ஐயா” என்பார்கள். அர்ச்சனைச் சீட்டு என்னவோ ஒன்றுதான்.