ஹெரிஃபோர்டில் ஓர் ஈஸ்டர் பாடல்

ஆங்கிலிக்கன் ஈஸ்டர் பாடல்களில் என்னை விடாமல் பிடித்திருப்பது சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லியின் ‘பிளெஸ்ட் பி த காட் அண்ட் ஃபாதர்’. புகழ்பெற்ற ஞானப்பாட்டுக் கவிஞர் சார்லஸ் வெஸ்லியின் பேரன் இவர். 1832இல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பாளராகச் சேர்ந்தபோது இருபத்திரண்டு வயதுதான்.

அங்கே ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று பாட வந்தவர்கள் சிறுவர்களும், ஆண்களில் ஒரே ஒரு பேஸ் (தாழ்ந்த சுருதி) குரல்காரரும்தான் என்பார்கள். அவரும் பேராலயத் தலைமைக் குருவின் வீட்டுப் பணியாளராம். அந்த நாளுக்காகவே வெஸ்லி எழுதியது இந்தப் பாடல். சொற்கள் பேதுருவின் முதலாம் நிருபத்திலிருந்து வந்தவை.

நடுவில் ஒரு சிறுவன் தனியாகப் பாடுகிறான், மற்றச் சிறுவர்கள் அவனுக்கு மறுமொழி சொல்கிறார்கள். பயிற்சி பெற்ற பெண்குரலுக்குக்கூட அந்த ஒளிவுமறைவற்ற தெளிவு வாய்ப்பதில்லை என்பது என் எண்ணம். பிறகு மாம்சமெல்லாம் புல்லைப்போல வாடும் என்ற வசனம் தாழ்ந்து தாழ்ந்து ஒலிக்கிறது. குரல்கள் அடங்கியதும் ஆர்கன் திடீரென முழு பலத்தோடு பல சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டை முழங்குகிறது. கர்த்தருடைய வசனம் என்றும் நிற்கும் என்று குழு முழுவதும் எழுந்து பாடுகிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் உடல் சிலிர்க்கிறது.

ஏறக்குறைய எட்டு நிமிடப் பாடல். இந்த ஈஸ்டருக்குள் ஒருமுறை கேட்டுவிடுங்கள், பேராலயச் சிறுவர்கள் பாடிய பதிவாகப் பார்த்து.