மதுக்கூடப் பணியாளரின் தோளில் எவ்வளவு சுமை?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மதுக்கூடமோ உணவகமோ, மது பரிமாறும் எவரும் 'ஆர்எஸ்ஏ' எனப்படும் பொறுப்பான மதுப் பரிமாறல் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றக் கூடாது என்பதே இதன் சாரம். நோக்கம் நல்லது. ஆனால் அதன் பாரம் யார்மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் சிறப்பு, தெளிவு. 'போதை' என்பதை அவரவர் ஊகத்துக்கு விடாமல் 2007ஆம் ஆண்டு மதுச் சட்டம் வரையறுக்கிறது. ஒருவருடைய பேச்சோ, நிற்கும் நிலையோ, உடலசைவோ, நடத்தையோ கண்ணுக்குத் தெரியும் அளவு மாறி, அதற்கு மதுவே காரணம் என நம்ப நியாயம் இருந்தால் அவர் போதையில் இருப்பவர். அவருக்கு மது கொடுக்கும் பணியாளருக்கு 11,000 டாலர் வரை அபராதம் விதிக்க முடியும். கடுமையான விதிதான். ஆனாலும் வற்புறுத்தும் வாடிக்கையாளரிடம் "சட்டம் அனுமதிக்காது" என்று சொல்லும் துணிவை இளம் பணியாளருக்கு அதுவே தருகிறது.

பயிற்சி பலன் தரும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 1986 இறுதியில் இத்தகைய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. இரவில் ஒற்றை வாகனம் சிக்கும் விபத்துகள் அங்கே படிப்படியாகக் குறைந்தன. ஏறத்தாழ எல்லாப் பணியாளர்களும் பயிற்சி பெற்றபின் அந்தக் குறைவு 23 விழுக்காட்டை எட்டியது என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

குறை, வகுப்பறைக்கும் கவுன்டருக்கும் இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. குடித்த மது ரத்தத்தில் உச்சம் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். இரைச்சலும் மங்கிய வெளிச்சமும் உள்ள கூடத்தில் பணியாளர் ஒருவரைப் பார்ப்பதோ சில நொடிகள். நண்பர் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து வாங்கிப் போனால், உண்மையில் குடிப்பவரின் முகம்கூடத் தெரியாது. மறுபுறம், பக்கவாதத்தால் நாக்குழறுபவரைக் குடிகாரர் என்று தவறாக எண்ணிவிடும் அபாயமும் உண்டு. இவற்றை விதியை ஒப்பித்துக் கற்க முடியாது. அனுபவசாலி அருகில் நிற்க, நேரில் பழகித்தான் கற்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை அதிகாரம் பற்றியது. விற்பனை கூடினால் லாபம் முதலாளிக்கு. மறுத்தால் வரும் வசவும் மிரட்டலும், தற்காலிக வேலையில் இருக்கும் பணியாளருக்கு. கூடத்தில் போதையில் ஒருவர் இருந்தால் உரிமதாரரே அனுமதித்ததாகக் கொள்ளும் பிரிவும் சட்டத்தில் இருக்கிறது. உரிய நடவடிக்கை எடுத்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். சட்டத்தின் நியாயமான பகுதி இதுவே. சோதனையும் தண்டனையும் முதலில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பயிற்சியால் முடியாததை நேரக் கட்டுப்பாடு செய்யும் என்பதை நியூ சவுத் வேல்ஸின் நியூகாசில் நகரம் காட்டியது. 2008இல் நகர மையத்தின் 14 மதுக்கூடங்களை முன்கூட்டியே மூடவைத்தார்கள். அருகிலுள்ள ஹாமில்டனோடு ஒப்பிடும்போது, நகர மையத்தில் இரவுநேரத் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன.

ஆகவே பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. அதையே முழுத் தீர்வாகக் காட்டி அரசும் முதலாளியும் ஒதுங்கக் கூடாது. மறுக்கும் பணியாளருக்குப் பின்னால் மேலாளர் நிற்க வேண்டும், மறுத்ததற்காக அவர் ஷிப்ட் இழக்கக் கூடாது. இந்த உறுதியை எழுத்தில் தராத கூடத்துக்கு உரிமம் தரக் கூடாது.