ஆமுக்தமால்யதாவின் விஷ்ணுசித்தர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் கதைமாந்தராக்கிய பழைய படைப்புகளில் முக்கியமானது, விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா. நாவல் வடிவம் இங்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட வரலாற்றுப் புனைவு என்று அதைச் சொல்லலாம்.

இக்காவியத்தில் விஷ்ணுசித்தர் எனப்படும் பெரியாழ்வார் மாலை கட்டுகிறார், மதுரைப் பாண்டியன் அவையில் வாதில் வெல்கிறார், அடியார்களுக்கு அன்னமிடுகிறார். பருவத்துக்குப் பருவம் அவர் வீட்டுப் பந்தியில் என்ன பரிமாறப்பட்டது என்பதைக்கூட ராயர் விடவில்லை.

விடுபட்டது யசோதை. பெரியாழ்வார் திருமொழியில் ஆழ்வார் தாயாகவே பேசுகிறார். கண்ணனை நீராட அழைக்கிறார், காது குத்தக் கூப்பிடுகிறார், பூச்சூட்டுகிறார், கண்ணேறு படாமல் காப்பிடுகிறார். காதல்வயப்பட்ட மகளை எண்ணிப் புலம்பும் தாயின் குரலிலும் பாடியிருக்கிறார். அப்படிப்பட்டவர் காவியத்தில் மகளின் நிலை புரியாமல் இறைவனிடம் சென்று கேட்கும் தந்தையாக நிற்கிறார். பாத்திரப் படைப்பில் இது சிறிய குறை அல்ல. ஏ.பி. நாகராஜனின் திருமால் பெருமை (1968) படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற பெரியாழ்வாரும் ஆண்டாளின் தந்தையாகவே நினைவில் நிற்கிறார்.

இன்றைய பாலின அடையாளப் பெயர்களை ஆழ்வாருக்குச் சூட்ட வேண்டியதில்லை. அது வேறு வகை மிகை. ஆனால் அந்தப் பெண்குரலைக் கவிதை உத்தி என்று ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது பாதி ஆழ்வார்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் அரையர் சேவை அக்குரலைக் கைவிடவில்லை. அதில் திருமங்கையாழ்வார் பாசுரங்களைக்கொண்டு நிகழும் முத்துக்குறியில், குல்லாய் அணிந்த அரையர் ஒருவரே மகளாகவும் தாயாகவும் குறிசொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி அபிநயிக்கிறார். அதற்காக அவர் சேலை கட்டுவதில்லை.