வில் திரும்பும் இடம்

டேவிட் ஆலன் 1780இல் வரைந்த ‘ஹைலண்ட் திருமணம்’ ஓவியத்தில், மரங்களுக்கு நடுவே கல்யாண வீட்டார் கூடியிருக்க, வெட்டவெளியில் ஆட்டம் நடக்கிறது. என் கண் ஆடுபவர்களிடம் தங்குவதில்லை. பிடில் வாசிப்பவரிடம் போய்விடுகிறது. அவர் நீல் கோ (1727–1807). ஸ்காட்லாந்தின் டன்கெல்டுக்கு அருகே இன்வர் என்ற சிற்றூர்க்காரர். பக்கத்தில் செல்லோவுடன் அவருடைய சகோதரர் டொனால்ட். பிடில் எப்படித் துள்ளினாலும் தாளம் பிசகாமல் கீழே ஊன்றிக்கொள்வது அந்தச் செல்லோதான்.

அக்காலத்து ஆட்டங்களில் ஒன்று ஸ்ட்ராத்ஸ்பே. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கியது. ஒரு சுற்றுக்கு நான்கு தட்டாக, நிதானமாக நடக்கும் இசை. அதன் உயிர் ஒரு சின்ன வெட்டில் இருக்கிறது. தட்டின் கால் பங்கில் ஒரு சுரம் வெடுக்கென்று தெறிக்கும். மீதி முக்காலையும் அடுத்த சுரம் எடுத்துக்கொள்ளும். ‘விழா’, ‘நிலா’, ‘பலா’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குறிலைத் தொட்ட மாத்திரத்தில் நெடிலில் போய் விழுகிறோம் அல்லவா, அதேதான். எல்லாத் தட்டிலும் இப்படி வந்தால் சலித்துவிடும். சில இடங்களில் நெடில் முந்திக்கொள்ளும், குறில் ஒட்டிக்கொண்டு பின்னால் வரும். அடுத்தது எது என்று காது காத்திருக்கும் அந்தக் கணம்தான் எனக்குத் தேன்.

இந்த வெட்டை வாசிப்பது வில் பிடித்த வலக்கை. வில்லைக் கீழே இழுக்கும்போது கையின் கனமே ஓசை கொடுத்துவிடும். மேலே தள்ளும்போது கனம் நழுவும், நாதம் இளைக்கும். நீல் கோவின் பெருமையே அந்த மேல்வீச்சுதான் என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். பிறர் வில் தளரும் இடத்தில் அவர் வில் நிமிர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம். அத்தனை காலடிச் சத்தத்தையும் சிரிப்பையும் தாண்டி, ஒவ்வொரு வெட்டும் ஆடுபவரின் பாதத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே!

ஸ்ட்ராத்ஸ்பே முடிந்ததும், மூச்சு விடாமல், ரீல் என்ற விரைவான ஆட்டம். குறில் நெடில் பேதம் கரைந்து, சுரங்கள் ஒரே சீராக ஓடத் தொடங்கும். ஸ்ட்ராத்ஸ்பேயில் ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்த கால்கள் இப்போது ஓட்டத்தில் கலந்துவிடும். உச்சத்தில் நீல் கோ வாசித்துக்கொண்டே திடீரென ஒரு கூச்சல் போடுவாராம். கேட்டவர்கள் சிலிர்த்துப்போவார்களாம். வில்லுக்குள் அடங்காமல் மிஞ்சியது தொண்டைக்கு ஏறியிருக்கும்.