கோவலன் புகுந்த வாயில்

குடிநுழைவு பற்றிய சொற்போர்களில் கணியன் பூங்குன்றனார் தவறாது அழைக்கப்படுகின்றார். நாட்டெல்லைகள் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பார் புறநானூற்று 192ஆம் பாடலையே சான்றாகக் காட்டுவர். அப்பாடலை இறுதிவரை கற்பார்க்கு அதன் பொருள் வேறெனப் புலனாகும். நன்மை தீமைகளைக் கலங்காது ஏற்கும் உள்ளத்தை அது பாடுகின்றது; ஓர் அரசு தன் வாயிலை எவ்வாறு காத்தல் வேண்டும் என்பது அதன் பொருளன்று.

வாயிலைப் பற்றிப் பேசும் நூல் சிலப்பதிகாரம். புகாரில் பொருளிழந்து, பாண்டிய நாட்டிற்குப் பிழைக்க வந்தவன் கோவலன். மதுரையின் வாயிலை வாளேந்திய யவனர் காத்தனர் என்கின்றது ஊர்காண் காதை. வேற்று நாட்டார் காத்த அவ்வாயிலில் ஐயுறப்படாமலே அவன் உட்புகுந்தான். அடிகள் காட்டும் மதுரைக்குக் காவலும் இருந்தது. அயலார்க்கு இடமும் இருந்தது.

பின்னர்ப் பிழை எங்கே நேர்ந்தது? கொலைக்களக் காதை விடை தருகின்றது. பொற்கொல்லன் சொல்லை மன்னன் ஆராயவில்லை. இவன் கொலைக்குரியன் அல்லன் என்று காவலரிடையே எழுந்த ஐயத்தையும், கள்வர் திறம் பல கூறிப் பொற்கொல்லன் அடக்கினான். வந்தேறிய கோவலனுக்காகப் பேச ஆங்கு எவருமிலர். சிலம்பின் பரல் முத்தோ மாணிக்கமோ என்ற ஆராய்ச்சி, அவன் உயிர் போன பின்னரே அவையேறிற்று.

இக்காதை மலேசியத் தமிழர் நெஞ்சில் நிற்கவேண்டுவது. ரப்பர் விலை உயர்ந்த நாளில் தமிழ்த் தொழிலாளர்க்குத் திறந்த வாயில், 1930ஆம் ஆண்டையொட்டி விலை வீழ்ந்தபோது பல்லாயிரவரைத் திருப்பியனுப்பியது. அந்நாளைய திறப்பிற்குக் காரணம் தோட்டங்களின் ஆள் தேவையே. இன்றுள்ள 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டமோ, முறையின்றிப் புகுந்தார்க்கு 10,000 ரிங்கிட் வரை தண்டம், 5 ஆண்டு வரை சிறை, 6 வரை பிரம்படி ஆகியவற்றிற்கு இடந்தருகின்றது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. கூலிக்காக வந்தாரையும் உயிருக்கஞ்சி ஓடிவந்தாரையும் அச்சட்டம் வேறுபிரித்துக் காண்பதில்லை.

காவல் வேண்டும் என்பார் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும், வந்தவன் ஏன் வந்தான் என்று கேட்டறியாத காவல், பாண்டியன் செய்த பிழையையே மீண்டும் செய்யும். வகுப்பில் பூங்குன்றனாரைக் கற்பிக்கும் ஆசிரியர், கொலைக்களக் காதையையும் உடன் கற்பித்தல் நன்று.